நட்சத்திரக் குறியிட்ட வினா

வினா எண் இருநூற்றுப் பதினாறு:
"பாலக்கோடு வட்டத்தில்
தக்காளிக் கூழ்த் தொழிற்சாலை அமைக்க
அரசு முன்வருமா?"
தட்டச்சு செய்தவன் நான்.
கேட்டவர் தீர்த்தம்மாள், சட்டமன்ற உறுப்பினர்.
அதற்கு முன் பதினெட்டு வருஷம்
மண்டியில் கமிஷன் கடை.

விடை ஒரே வரி:
"அத்தகைய கருத்துரு ஏதும் தற்போது அரசிடம் இல்லை."
அந்தத் 'தற்போது' மேல் விரலை வைத்துக்கொண்டு
நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்.
"சரக்கு இறக்க வர்றவன்கிட்ட
நாங்களும் இப்படித்தான் சொல்லுவோம்.
இப்போதைக்கு விலை இல்ல,
சாயங்காலம் வா."

அன்று பெட்டி அறுபது ரூபாய்.
பறிகூலி, வண்டி வாடகை, கமிஷன் போக
விற்றவன்தான் கையிலிருந்து கொடுக்க வேண்டும்.
மாரண்டஅள்ளி ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போனார்கள்.
இரண்டாம் நாள்
மாடுகளே முகத்தைத் திருப்பிக்கொண்டன.

கருத்துரு இல்லையா, நாமே எழுதுவோம் என்று
ராத்திரி உட்கார்ந்தோம்.
வேலைவாய்ப்பு என்ற கட்டத்தில்
4000 என்று அடித்தேன்.
அதற்குக் கீழே இருந்தால்
கோட்டையில் கோப்பு மாடிப்படி ஏறாது;
மூன்று உறுப்பினர்களிடம் வேலை பார்த்தவன் நான்.
அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.
"தராசுத் தட்டுக்கு அடியில விரல் கொடுக்கிறவன்
எத்தனை பேரைப் புடிச்சிருக்கேன் தெரியுமா?"
இரண்டு சுழியங்களை அடித்தார்.
நாற்பது.

ஒரு வாரம் எனக்குக் கோபம்.
இன்னும் கொஞ்சம் இருக்கிறது.
நாலாயிரம் எழுதிய ஊரில்
அடிக்கல் நட்டார்கள்.
கல் அங்கேயே இருக்கிறது.

பாலிடெக்னிக்கில்
உணவு பதப்படுத்தும் பட்டயப் படிப்பு கேட்டோம்.
ஆய்வகம் வந்தது, ஆசிரியர் வரவில்லை.
உறை கழற்றாத எந்திரத்தின் மேல்
ஒரு வருஷத் தூசி.
கிண்டிக்கு நாலு தடவை அலைந்தபின்
வேலூரிலிருந்து ஜெசிந்தா வந்தார்,
செவ்வாயும் வியாழனும் மட்டும்.
வகுப்பு முடிய ஐந்து மணி,
கடைசி பஸ் நாலு பத்து.
முனிரத்னாவும் ஷபானாவும்
பாதிப் பாடத்தில் பையைத் தூக்கினார்கள்.
வகுப்பை முன்னால் நகர்த்த எட்டு நிமிஷம் போதும்,
பஸ்ஸை நகர்த்த எட்டு மாசம் ஆகும் என்றேன்.
பஸ்ஸைத்தான் நகர்த்தினார்.
ஒன்பது மாசம் ஆனது.

ஓசூரிலிருந்து ஒரு முதலாளி வந்தார்.
கரண்ட் கேட்டார், ரோடு கேட்டார்.
டம்ளரை வாங்கிக் கையில் வைத்தபடி
தண்ணீர் கொடுத்த பையனின்
பழுப்பேறிய பற்களைப் பார்த்தார்.
குடிக்கவில்லை.
"புளோரைடு எவ்வளவு?"
நான் பேச்சை மாற்றப் பார்த்தேன்.
அம்மா சோதனைச் சீட்டையே நீட்டினார்:
"சுத்திகரிக்கிற மெஷினையும் கணக்குல சேருங்க.
அப்படியே பள்ளிக்கூடத்துக்கு ஒரு குழாய்."
சேர்த்தார்.
சேர்த்ததில் நாற்பது
இருபத்தாறாகச் சுருங்கிற்று.

மானியக் கோரிக்கை விவாதத்தில்
அவருக்கு மூன்று நிமிஷம்.
நன்றி சொல்லவே இரண்டு நிமிஷத்துக்கு
எழுதிக் கொடுத்திருந்தேன்.
தாளை மடித்து மேசைமேல் வைத்துவிட்டார்.
"பேரவைத் தலைவர் அவர்களே,
நாப்பது பேருக்கு வேலைன்னு எழுதிக் கொடுத்தேன்.
இருபத்தாறு பேருக்குத்தான் வாங்க முடிஞ்சுது.
பதினாலு பாக்கி.
அது என் பேர்லயே நிக்கட்டும்."
பின்வரிசையில் ஒருவர்
மேசையைத் தட்டக் கை ஓங்கி,
தட்டலாமா என்று தெரியாமல்
அப்படியே வைத்திருந்தார்.
மணி அடித்தது.

அவைக்குறிப்பு
திருத்தத்துக்கு என் மேசைக்கு வந்தது.
எண்கள் சரி, பெயர் சரி.
பாக்கியை மட்டும்
'நிலுவை' ஆக்கியிருந்தார்கள்.
அடித்துவிட்டுப்
'பாக்கி' என்றே எழுதி அனுப்பினேன்.